மீதி

கார்த்திகைக் கடைசியில் குகதாசன் வீட்டை விட்டுப் போனபோது
அவன் மேசையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது.
"நிப்பாட்டிப் போடாதை,
இன்னும் நாப்பது நாள் கிடக்கு" என்று
சாவியைப் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு
பெம்பினா வீதியில் பஸ் ஏறினான்.

எட்டரைக் கோடிக்கும் மேலான இரண்டுகளைப் பெருக்கி
ஒன்றைக் கழித்தால் வருகிற எண்.
நொடிக்கு ஓர் இலக்கமாக வாசித்தால்
உண்ணாமல் உறங்காமல்
பத்து மாதம்.
கணினியின் பாஷையில் எழுதினாலோ வெறும் ஒன்றுகள்,
வினிபெக்கைத் தாண்டியதும் தொடங்குகிற
வேலிக் கம்பங்கள் மாதிரி,
இடையில் எல்லாம் பனி.

அதைப் பகுக்க ஏதும் உண்டா.
அவ்வளவுதான் கேள்வி.

எங்கள் கதவு இலக்கம் நூற்றிருபத்தேழு.
அதுவும் அந்த இனந்தான்,
ஏழு இரண்டுகளின் பெருக்கம், ஒன்று குறைய.
மின்கட்டண உறையின் முதுகில் ஒருமுறை செய்து காட்டினான்:
நாலில் தொடங்கு.
அதை அதாலேயே பெருக்கு, இரண்டைக் கழி,
நூற்றிருபத்தேழால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
பதினாலு. அறுபத்தேழு. நாற்பத்திரண்டு.
நூற்றுப் பதினொன்று.
பூச்சியம்.
"பாத்தியே, பகாது" என்றான்,
கதவையே அவன் கண்டுபிடித்த மாதிரி.

மைனஸ் முப்பத்தொன்று.
கணினியின் மூச்சில் என் கையுறைகள் காய்ந்தன.
கீழ்வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து தட்டினார்,
இராத்திரி முழுக்க என்ன இரைச்சல் என்று.
எண் ஒன்று ஓடுகிறது என்றேன்.
மூன்றாம் தரம் அவர் வரவில்லை.

வழக்கறிஞர் ஒலேனா படிவத்தை நீட்டினாள்.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன்.
சோபா. கார். குளிர்கால டயர் நாலு.
கடனட்டை. கணினி.
அரை மணி நேரத்தில்
பதினேழு வருடம் மீதியில்லாமல் வகுபட்டது.

பகு என்கிற வேரில்தான் பங்கு, பகிர்வு, பகை,
பகலும்கூட அதில்தான் என்பார்கள்.
கையெழுத்திட்டு வெளியே வந்தேன்.
நாலரை மணிக்கே பகல் முடிந்திருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் திரையில் ஒரு வரி:
பகா எண் அல்ல.
பூச்சியம் வரவேண்டிய இடத்தில்
எழுத்தும் இலக்கமும் கலந்து
வாயில் நுழையாத ஒரு மீதி.

போனில் சொன்னேன்.
அவன் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது, மூடினான்.
"அப்ப எதால பிரியும்?" என்று கேட்டேன்.
"அது சொல்லாது.
பிரியும் எண்டு மட்டுந்தான் சொல்லும்."
"வேறை யாருக்காவது தெரியுமே?"
"ஒருத்தருக்கும் தெரியாது."
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தான்.
நானும் இருந்தேன்.

படிவப்படி கணினி வலப்பக்கம்.
சனிக்கிழமை எடுக்க வருகிறானாம்.
அதற்குத் தெரியாது,
தானாகவே அடுத்த எண்ணைத் தொடங்கிவிட்டது:
நாலு.
பதினாலு.
நூற்றுத் தொண்ணூற்று நாலு.
முப்பத்தேழாயிரத்து அறுநூற்று முப்பத்து நாலு.
கையுறைகளைத் திருப்பிப் போட்டேன்,
உள்பக்கம் இன்னும் ஈரம்.