தன்மை ஒருமை

மூடுபனி விலகினால்தான் ஹெலிகாப்டர்.
ஹெலிகாப்டர் வந்தால்தான் டாக்டர் பிர்த்தே.
போன செப்டம்பரில் ஐந்து நாள் விலகவில்லை.
தபீத்தா தினமும் தலைசீவி
நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு
மேட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.
ஆறாம் நாள் சீவவில்லை.

இந்த ஏப்ரலில் வந்துவிட்டார்.
மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று
பைலட் மூன்று விரல் காட்டினான்.
பட்டியலில் ஒன்பது பேர்.

அந்த அறை பல் வைத்தியருக்கும் பொது.
சுவரில் ஒரு கடைவாய்ப் பல்
வேரும் நரம்புமாக ஆளுயரத்துக்கு.
மனம்விட்டுப் பேச வந்தவர்கள்
பாதி நேரம் அதைத்தான் பார்ப்பார்கள்.

நான் மொழிபெயர்ப்பவள்.
மற்ற நாட்களில் கடையில், கல்லாவில்.
பால்பவுடர், தோட்டா, உறைந்த ரொட்டி:
யார் வீட்டில் எது தீர்ந்தது என்று தெரியும்.
இந்த அறையில் கேட்டது
கதவைத் தாண்டாது என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.
கதவிலிருந்து நாற்பதாவது அடியில் என் வீடு.

இன்னொரு விதி:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
அப்படியாக ஒரே காலையில்
நான் தூங்கி மூன்று வாரம்.
அடுப்பை அணைத்தேனா என்று
இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.
எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பிடிக்கவில்லை.
நான் அறுபத்திரண்டு வயது ஆண்,
அழுகை வந்தால்
நாய்களுக்குத் தீனி போடப் போய்விடுவேன்.
டாக்டர் என்னைப் பார்ப்பதில்லை. அதுவும் விதிதான்.
குழாய்க்குத் தாகமா என்று யார் கேட்பார்?

டேனிஷில் அவர் ஒரே சொல்லில் கேட்பதை
எங்கள் மொழியில் நான் நீட்டி முழக்குவேன்:
'வானம் வெளுத்திருக்கும்போதும்
உள்ளே இருட்டாக, கனமாக இருக்கிறதா?'
'இம்மாக்கா' என்பார்கள்.
இருக்கலாம் என்று அர்த்தம்.
கப்பல் வருமா என்றாலும் அதே பதில்தான்.

எட்டாவது காபா.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினான்.
பல்லிடம் சொன்னான்:
'பனிக்கட்டி வாய் திறந்தபோது அவன் கூப்பிட்டான்.
இரண்டு முறை.
நான் நாய்களைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.'

அவன் என்றால் அக்காலுக்.
தம்பி என்றே பொருள் அந்தப் பெயருக்கு,
அக்காள் இருக்கிறவனுக்கு வைப்பது.
என் பொருட்டு வைத்தது.

பேனா காத்திருந்தது.
சொன்னேன், டேனிஷில், இலக்கணம் பிசகாமல்:
அவன் கூப்பிட்டான். இரண்டு முறை.
நான் நாய்களைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

'இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?'
டாக்டர் கேட்டதை அவனிடம் கேட்டேன்.
பல்லை விட்டுவிட்டு, டாக்டரை விட்டுவிட்டு
என்னைப் பார்த்தான்.
'இப்போதுதான்.'
'இப்போதுதான்' என்றேன் டாக்டரிடம்.

அதற்குமேல் நேரமாகிவிட்டது.
ஒன்பதாவது ஆள் தபீத்தா.
விசிறி சுழலும் சத்தத்தில்
மாத்திரைப் பொட்டலத்தையும் செப்டம்பர் தேதியையும்
நான்தான் அவள் கையில் வைத்தேன்.
'வானிலை அனுமதித்தால்' என்று அச்சடித்திருந்தது.
நல்ல ஸ்வெட்டர். காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது.
பிடித்து இழுக்காமல் விட்டேன்.

ஏறுமுன் டாக்டர் கைகுலுக்கினார்.
களைத்துப்போயிருக்கிறீர்கள் என்றார்.
இம்மாக்கா என்றேன்.
அந்தச் சொல் அவருக்கும் தெரியும்,
அதனால் சிரித்தார்.

நாலு நாள் கழித்துக் காபா கடைக்கு வந்தான்.
காப்பித்தூள், தீப்பெட்டி, நாய்ச் சங்கிலிக்குக் கொக்கி.
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டினேன்.
இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் கீச்சிட்டது.
சில்லறையை எண்ணி வைத்தவன் போகவில்லை.
'தூங்கினாயா?' என்றான்.

எத்தனை முறை என் வாயால் கேட்ட கேள்வி.
பதிலை எந்த மொழிக்கும் மாற்ற வேண்டியதில்லை.
பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள்.

'நான் தூங்கவில்லை' என்றேன்.
ரசீது வேண்டுமா என்றும் கேட்டேன்.