மறக்கடித்தல்

பதினெட்டாவது மாதம். விடுப்பு முடிந்தது.
திங்கள் இரவு ஸ்மில்தே கடைசியாகக் குடித்தாள்.
கடைசி என்று எனக்குத் தெரியும்,
அவளுக்குத் தெரியாது.
தெருவில் ஒரு லாரி சத்தம் கேட்டு
காம்பை விடாமலே திரும்பிப் பார்த்தாள்.
வலித்தது.
அப்படித்தான் முடிந்தது, ஒரு இழுப்பில்.

மறுநாள் க்ளைப்பெடா துறைமுகம்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் கூண்டு,
காலடியில் கண்ணாடி, அதற்கும் கீழே கப்பல்.
பெட்டிக்குள் என்ன என்று எனக்குச் சொல்வதில்லை.
எடை மட்டும் திரையில் வரும்.
இருபத்திரண்டு டன். பத்தொன்பது. மறுபடி இருபத்திரண்டு.
என் இடப்பக்கத்தின் எடை
எந்தத் திரையிலும் வரவில்லை.

புதன்கிழமை, கல்.
அக்குள்வரை கூழாங்கல் மூட்டை.
கை தூக்கி லீவரைப் பிடிக்க முடியவில்லை.
நர்ஸ் யுர்கிதா போனில் சொன்னாள்:
முழுக்கப் பீய்ச்சிவிடாதே.
காலியானால் இன்னும் யாரோ கேட்கிறார்களென்று
மறுபடி சுரக்கும்.
வலி தாங்குமளவுக்கு மட்டும் எடு.
பதினெட்டு மாதம் வாரிக் கொடுத்தவள்
குளியலறையில் நின்று
சொட்டுச் சொட்டாகக் கஞ்சத்தனம் பழகினேன்.

லியுதாஸ் தலையளவு முட்டைக்கோஸ் ஒன்று வாங்கி வந்து
ஃப்ரிட்ஜில் வைத்தான்.
வேளைக்கு இரண்டு இலை, நரம்பை நசுக்கி.
மதியத்துக்குள் உள்ளாடைக்குள் வெந்துவிடும்,
கூண்டெல்லாம் சூப் வாசம்.
இலைக்கு ஒன்றும் மகிமையில்லை, குளிர்ச்சிதான் என்றாள் யுர்கிதா.
இருந்தாலும் வைத்தேன்.
ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்று.

வீடு திரும்பும் பேருந்தில்
பின்சீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது.
யாருடையதோ.
இந்த உடம்புக்கு ஆள் அடையாளம் தெரியாது.
ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையில்
இரண்டு வட்டம், பெரிதாகிக்கொண்டே.
எதிரில் இருந்த கிழவர்
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அந்த மரியாதைக்கு நன்றி.

ஸ்மில்தே மூன்று இரவு
அப்பாவின் மயிரடர்ந்த மார்பில் தேடித்தேடி அழுதாள்.
நான் அடுத்த அறையில்
தலையணையைக் கடித்துக்கொண்டு நனைந்தேன்.
பாலுக்கு அவள் வைத்திருந்த சொல், நியா.
ஆறாம் நாள் காலை
கேஃபிர் பாட்டிலைக் காட்டி நியா என்றாள்.
சொல் மட்டும் எழுந்து
சமையலறைக்குப் போய்விட்டது.
பால் இங்கேயேதான் இருந்தது.

மூன்றாம் வாரம் கல் மாவானது.
மாவு துணியானது.
கண்ணாடி முன்னால் நின்று அழுத்திப் பார்த்தேன்.
ஒரு துளி. மஞ்சளாக, கெட்டியாக.
நாக்கில் வைத்தேன்.
உப்பு.
அடங்கும்போது அப்படித்தான், பாலில் உப்பேறும் என்றாள் யுர்கிதா,
அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.
எங்கள் கடலைவிட அதிக உப்பா, தெரியவில்லை.
எங்கள் கடலில் அப்படியொன்றும் உப்பில்லை.

அக்டோபரிலும் ஒரு துளி.
பனி பெய்யத் தொடங்கியபோது
அரைத்துளி, அல்லது தண்ணீரா?
பிறகு அழுத்திப் பார்க்கவில்லை.
எந்த நாளில் விட்டேன் என்று
காலண்டரில் குறிக்கவில்லை.
அந்தக் கடைசி
எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

இன்று இரவு வேலை.
கீழேயிருந்து ப்ரோனியுஸ் ரேடியோவில் சொன்னான்:
அடுத்தது காலிப் பெட்டி.
கேட்டது. திரையிலும் பார்த்தேன்.
இருந்தும் கை
பழைய எடைக்கே இழுத்தது.

பெட்டி துள்ளிக்கொண்டு எழுந்தது.
ப்ரோனியுஸ் கெட்ட வார்த்தையில் கத்தினான்.
கொஞ்ச நேரம் அது
காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.