கழுத்தில் ஒரு சதுரம்

முதலில் சிமெண்ட்டை நக்கினாள்.
பின்சுவரின் அடியில், உப்புப் பூத்த இடத்தில்,
பால் கிண்ணத்தைத் தாண்டிப் போய் நக்கினாள்.
மசக்கை என்று சிரித்தேன்.
கருத்தடை செய்த பூனைக்கு எங்கிருந்து மசக்கை.

டிக்கி என்று பெயர்.
பழைய மூணு பென்னிக் காசு,
அவ்வளவு சிறிசாக வந்தவள்.
நான் டர்பன் துறைமுகத்தில்
ஆரஞ்சுப் பெட்டிகளின் குளிரை
இரவெல்லாம் எழுதுகிறவன்.
ஆறு மணிக்கு மெர்பேங்கில் பஸ் இறங்கி வந்தால்
கம்பிக் கதவுக்குள்ளிருந்து திட்டுவாள்.
அன்று திட்டவில்லை.
குளியலறைத் தரையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தாள்.
உதட்டைத் தூக்கினேன்.
ஈறு, வேகவைத்த மரவள்ளி நிறம்.

டாக்டர் சான்டிலே காதில் ஒரு சொட்டு எடுத்து
தகட்டில் தேய்த்தார்.
சாயம் காய்வதற்குள் மின்வெட்டு,
அட்டவணைப்படி, இரண்டரை மணி நேரம்.
நுண்ணோக்கிக்கு அடியில்
கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தது நான்.
"ஆட்டாதீர்கள்" என்றார்.
பிறகு, "நீங்களே பாருங்கள்."
வெளிறிய வட்டங்கள்;
அப்பள விளிம்பில் மிளகுத்தூள் ஒட்டியதுபோல
ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று.
கிருமி ஒட்டிக்கொள்கிறது,
ஒட்டியதை ஒழிக்கிறேன் என்று
உடம்பே தன் இரத்தத்தை உடைக்கிறது என்றார்.
முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய எண்
பதினொன்று.
"இன்றிரவு தாண்டாது. இரத்தம் வேண்டும்.
தெரிந்த பூனை இருக்கிறதா, பெரியதாக?"

இருக்கிறது.
பக்கத்து வீட்டுப் பூபாலன் கவண்டரின் கடுவன்,
மேஜர், ஏழு கிலோ,
என் பப்பாளிக் கன்றுக்கு மூத்திரம் ஊற்றுகிறவன்,
மார்ச்சில் டிக்கியின் முதுகைக் கிழித்தவன்.
அவன் பல்லிலிருந்துதான் இந்த நோய் என்று
கிளினிக் வரும் வழியெல்லாம் வழக்கு நடத்தித்
தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன்.
கவண்டரோடு பேசி நாலு வருஷம்.
அவர் கூரைத் தண்ணீர் என் பக்கம் விழுகிறது.

போன் செய்தேன்.
நான் சொல்லி முடிக்கவில்லை,
"இருப்பா, கூடையத் தேடுறேன்" என்றார்.
பைஜாமாவோடு வந்தார், முழங்கை வரை கீறல்.

மேஜரின் சொட்டையும் தகட்டில் பார்த்தார்கள்.
சோதனைப் பட்டையையும் நனைத்தார்கள்.
சுத்தம். ஒரு மிளகுத்தூள் இல்லை.
வகையும் பொருந்தியது.
அப்படியானால் எங்கிருந்து?
டாக்டர் டிக்கியின் வாலடியைச் சீப்பால் வாரி
ஈரப் பஞ்சில் தட்டினார்.
கறுப்புத் துகள்கள் கரைந்து சிவப்பாயின.
தெள்ளு.
என் வீட்டுத் தெள்ளு, என் மெத்தை,
நாளைக்கு மருந்து வைக்கலாம் என்ற என் நாளை.

ஐம்பது மில்லி.
கொடுத்துவிட்டு மயக்கத்தில்
கவண்டரின் மடியில் கிடந்தான் மேஜர், நாக்கு நுனி வெளியே.
ஆடி மாதம் இங்கே குளிர்.
நாலு மணி நேரம் சொட்டியது.
ஒரே பிளாஸ்க் மூடியில் மாறி மாறித் தேநீர் குடித்தோம்.
கூரைத் தண்ணீர் பற்றிப் பேசவில்லை.
வேறெதுவும் பேசத் தெரியவுமில்லை.

பிறகு மாத்திரை, இருபத்தெட்டு நாள்.
விழுங்கியதும் ஊசிக்குழலில் தண்ணீர்;
தொண்டையில் தங்கினால் சுட்டுவிடும்.
முதல் வாரம் சும்மா விழுங்கினாள்.
அந்தச் சாதுத்தனம்தான் பயமாக இருந்தது.
ஒன்பதாம் நாள் என் கட்டைவிரலைக் கடித்தாள்,
ஆழமாக, நகம் வரை.
கிடங்கில் எல்லாரிடமும் காட்டினேன்.

பதினேழு.
இருபத்து நாலு.
முப்பத்தொன்று என்ற சீட்டு
குளிர்ப்பெட்டிக் கதவில், மின்கட்டண ரசீதின் மேல்.

தண்ணீர் இன்னும் என் பக்கம்தான் விழுகிறது.
நேற்று அதற்காகச் சத்தம் போட்டோம், இருவரும் நன்றாகவே.
எங்கள் தலைக்கு மேல் சுவரில் அவளும் அவனும்,
கழுத்துகளில் சிரைத்த சதுரம்,
பாதி முளைத்த மயிர்.
அவன் கொடுத்ததில் இன்னும் எவ்வளவு மிச்சமோ,
அத்தனையும் திரட்டி
அவன் முகத்திலேயே சீறினாள்.
வாய் முழுக்கத் திறந்தது.
உள்ளே கொய்யா நிறம்.