கேட்ட கணக்கு

லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதை தாண்டி
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து.
புது எண் பதினேழு, பழைய எண் நாலு.
முதல் நாள் நாலு பேரிடம் விசாரித்துத்தான் போனேன்.
வியாழக்கிழமை வண்டியே திரும்பிக்கொண்டது.

மூன்று வங்கி, மூன்று நிறத்தில் படிவம்.
ஒன்றின் முகம் இன்னொன்றுக்குத் தெரியாது என்றுதான்
தெய்வசிகாமணி நினைத்திருப்பார்.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஏஜென்சி.
மூன்றுக்கும் வீடு பார்க்கிற ஆள் நான் ஒருவன்.
ஒரு வீட்டுக்கு அறுபது ரூபாய், பெட்ரோல் என்னுடையது.

திங்கள்.
அவர் சிப்காட்டில் பகல் ஷிப்டு.
மனைவி கதவைத் திறந்து
முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள்.
சொந்த வீடா, வாடகையா, எத்தனை வருஷம், எத்தனை பேர்.
கரண்ட் பில்லைப் படம் எடுத்தேன். மோர் கொடுத்தாள்.
எதிர்க்கடை ஏழுமலை
நான் கேட்டு முடிக்குமுன் சொன்னார்:
"தங்கமான மனுஷன்."

புதன்.
அதே கரண்ட் பில்.
"அன்னைக்கே வந்தீங்களே?"
"இது வேற பேங்க்மா."
முந்தானை இறங்கவில்லை. கண் மட்டும்
சுவர்க் காலண்டரில் எதையோ கூட்டிப் பார்த்தது.
"இங்கதான் இருக்கார்" என்றதோடு
ஏழுமலை தராசுத் தட்டில் பருப்பைக் கொட்டினார்.

வியாழன்.
நான் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.
"இன்னும் எத்தனை பேங்க்?"
கேட்டபோது அவள் கை வாய்க்குப் போகவில்லை.
முன்பல் இரண்டு இல்லை.
கார்டு எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று வலை வீசினால்
ஒன்றிலாவது மாட்டும் என்பது
கடற்கரை ஊரில் யாருக்கும் வரக்கூடிய யோசனை.
ஆனால் தெய்வசிகாமணி சார்,
நீங்கள் கையெழுத்துப் போட்டதுமே
ஒவ்வொரு வங்கியும் உங்கள் பெயரை
ஒரே ஏட்டில் போய்த் தேடுகிறது.
தேடிய தேதியும் அங்கேயே பதிகிறது.
இரண்டாவது வங்கி முதலாவதின் தேதியைப் பார்க்கும்.
மூன்றாவது, இரண்டையும் பார்த்துவிட்டு
இந்த ஆளுக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று
தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும்.
பதில் சொல்ல உங்களைக் கூப்பிடாது.
வாங்கிய கடன் மட்டுமல்ல சார்,
கேட்ட கடனும் கணக்கில் ஏறும்.
உங்கள் எண்ணை நீங்களே பார்த்தால் குறையாது.
அவர்கள் பார்த்தால் குறையும்.
ஒரே ஒரு வங்கி, அதுவும் சம்பளம் விழுகிற வங்கி;
இல்லையென்றால் ஆறு மாதம் பொறுத்து இன்னொன்று.

இதையெல்லாம் நான் சொல்லலாம்.
ஆனால் நான் பார்க்க வந்தவன்,
பேச வந்தவனில்லை.
அடையாள அட்டையின் பின்பக்கம் அப்படித்தான் இருக்கிறது.

வண்டியை உதைக்கும்போது
அவர்கள் பையன் எண்ணெய்ப் புட்டியோடு கடைக்கு ஓடி
அதே காலிப் புட்டியோடு திரும்பினான்.
"பழைய பாக்கியை முதல்ல பாத்துடலாம்னு
அம்மாகிட்ட சொல்லுடா."
ஏழுமலையிடம் கம்ப்யூட்டர் இல்லை.
திங்கள், புதன், வியாழன்:
என் சைலன்சர் சத்தத்தை
அவர் மனசில் வரவு வைத்திருக்கிறார்.

அக்கம்பக்கத்தார் அபிப்பிராயம் என்ற இடத்தில்
'நல்லது' என்று தட்டிவிட்டுக் கிளம்பினேன்.
கெடிலம் பாலம் ஏறுமுன் போன் அதிர்ந்தது:
விண்ணப்பம் நிராகரிப்பு. கோப்பு முடிந்தது.
அறுபது ரூபாய் எப்படியும் வரும்.

ஏன் திரும்பினேன் என்று தெரியவில்லை.
ஏழுமலை கடையில் கால் கிலோ பொட்டுக்கடலை கேட்டேன்.
"எதிர்வீட்டு சாருக்கு கம்பெனில ப்ரமோஷன்ணே,
அதான் மூணு தடவ விசாரிக்கச் சொன்னாங்க."

அவர் பொட்டலம் கட்டினார், நூல் சுற்றினார்,
பல்லால் கடித்து அறுத்தார்.
பிறகு நிதானமாக
என் தோள்பையைப் பார்த்தார்.
அதன்மேல் கொட்டை எழுத்தில்
மூன்றாவது வங்கியின் பெயர்.