அரைப் பேர்

காலையிலேயே இணையம் போயிற்று.
கெம்பியன் பக்கம் மரம் சாய்ந்து
கம்பியும் கூடவே விழுந்ததாம்.
பொகவந்தலாவையில் இதெல்லாம் செய்தியில்லை.
கந்தோர்க் கண்ணாடிக்கு வெளியே
மூடுபனி வந்து நின்று
உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

பவளக்கொடியும் நின்றாள்,
இடுப்பில் கட்டிய படங்கு சொட்டச் சொட்ட.
கையில் நனைந்த மூன்று சீட்டு.
காலை நிறுவை ஆறு தசம் எட்டு,
பகல் ஐந்து தசம் ஏழு,
அந்தி ஐந்து தசம் ஒன்பது.
"கூட்டிப் பாருங்க தங்கச்சி.
பதினெட்டுக்கு மேல வருது.
எனக்கு எதுக்கு அரைப் பேரு?"

இங்கே நாட்கூலிக்குப் பேர் என்று பேர்.
பதினெட்டுக் கிலோ தொட்டால் முழுப் பேர்.
பட்டியலில் அவளுக்குப் பதினாறு.
தராசு பொய் சொல்லவில்லை,
கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லை.
கூட்டிய நிரல் நான் எழுதியது:
மாசியில், ஒரே இரவில்,
எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நாலு வரி.
அதில் ஒரு சொல்லுக்கு
எனக்கு அப்போது பொருள் தெரியாது.
இப்போதும் தெரியாது என்பதை
இவளிடம் எப்படிச் சொல்ல?

"உக்காருங்க அக்கா."
உட்காரவில்லை.

கறுப்புத் திரையில் மேன் என்று தட்டினேன்.
பெட்டிக்குள்ளேயே கிடந்த கையேடு
மழைக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லாமல் திறந்தது.
முதலில் பதற்றத்தில் தேடியது
திருட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை.
பொருத்தமானது எதுவுமில்லை என்றது.
கொழுந்துக்கும் அதே பதில்.
எண் என்று கேட்டேன்:
வளைவில் இறங்கும் பஸ் மாதிரி
நூறு வரி நிற்காமல் ஓடிற்று.
பிறகுதான் புத்தி வந்து
நிரலில் இருந்த அந்தச் சொல்லையே கேட்டேன்.
ஃபுளோர். மூன்றாம் பிரிவு.

எந்தப் பக்கமும் ஒரே தலைப்பில்தான் தொடங்குகிறது:
பெயர்.
அதன் கீழ் ஒற்றை வரி.
கொடுத்த எண்ணைத் தாண்டாத
மிகப் பெரிய முழு எண்.

எவ்வளவு மரியாதையான வாக்கியம்.
தாண்டாத.

சாய்கோடு போட்டு உதாரணத்தைத் தேடினேன்.
அரையைக் கொடுத்தால் சுழி வருமாம்.
கழித்தல் அரையைக் கொடுத்தால்
கழித்தல் ஒன்று.
இரண்டு தரம் வாசித்தேன்.
கையிலுள்ள அரை ஒன்றுமில்லாமல் போகும்,
கடனிலுள்ள அரை முழுசாகும்.
எழுதியவர் எந்த நாட்டிலோ இருந்திருப்பார்,
எங்கள் செக்ரோலைக் கண்டிருக்கமாட்டார்.

"மூணு நிறுவையிலயும் தசத்த வெட்டிருக்கு அக்கா."
"யாரு வெட்டுனது?"

'மேலும் காண்க' பகுதிக்கு
இறங்கிக்கொண்டிருந்த விரல் நின்றது.
"நான்தான்."

அவள் திரையைப் பார்த்தாள்,
அதில் என்ன தெரிந்ததோ.
"எனக்கு மட்டுமா?" என்றாள்.
மாசியிலிருந்து ஆவணிவரை,
முந்நூற்றுச் சொச்சம் பேரின் பேர்.
சொன்னேன்.
சீட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக
ஈரத்தோடு ஒட்டிவைத்துவிட்டுப் போனாள்.
திட்டியிருக்கலாம்.

அந்தச் சொல்லை அழித்தேன்; ஐந்தே எழுத்து.
திரும்ப ஓட்டினேன்.
பதினெட்டு தசம் நாலு.
இனி ஏழு மாதக் கோப்புகளும் ஓடவேண்டும்.
திங்கட்கிழமை துரை வருவார்.
பாக்கிச் சம்பளத்துக்கு என்ன சொல்வார் என்பது
எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை.

இருட்டிய பிறகு, சும்மா,
என் நிரலுக்கே மேன் கேட்டுப் பார்த்தேன்.
அப்படியொரு பதிவு இல்லை என்றது.
சரி, எழுதுவோம்.

பெயர்: கொழுந்து. நாள் நிறையைக் கூட்டுவது.
குறைகள்: ஏழு மாதம் தவறாகக் கூட்டியது,
யாரும் சொல்லாமல்
தானாகத் திருந்தவில்லை.
மேலும் காண்க: பவளக்கொடி, இலக்கம் இருநூற்றுப் பதினாலு.

எழுதியவர் என்ற இடத்தில்
யோ. என்று மட்டும் அடித்தேன்.
வெளியே லயத்துப் பக்கம்
யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
புள்ளியை அழித்துவிட்டு
யோகவதனி என்று
முழுப் பேரும் போட்டேன்.