எட்டாவது வேலை

மழைக்கு ஒதுங்கத்தான் போனேன்.
இருபது ரூபாய் சீட்டைக் கிழித்துத் தந்த ஜெசிந்தா
"செருப்பைத் துடைச்சிட்டுப் போங்கண்ணே,
லத்தி வாசம் வருது" என்றாள்.
முப்பது வருசமாய் என் வாசமே அதுதான் தாயி.

ஹெர்குலிஸ் என்றால் எனக்கு சைக்கிள்.
ஏரியைச் சுற்ற மணிக்கு ஐம்பது என்று
எங்கள் பிழைப்பில் கைவைத்த சைக்கிள்.
இவன் வேறு ஆள்.
சுண்ணச் சாந்தில் வார்த்த உடம்பு, மூக்கு நுனி உடைந்து.
வத்தலக்குண்டு தாண்டி ஏதோ ஒரு வளைவில் உடைந்திருக்கும்,
இந்த மலைக்கு முழுசாய் ஏறி வந்தது எது?
தோளில் சிங்கத்தோல். கொடைக்கானல் குளிருக்கு
அது ஒன்றுதான் அவனிடம் உருப்படி.

பன்னிரண்டு வேலையாம் அவனுக்கு.
வேலைக்கு ஒரு பானை, கீழே தமிழில் நாலு வரி.
இரண்டாவது, பாம்பு.
ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்குமாம்,
ஏரிச்சாலை லாட்ஜுகள் மாதிரி.
ஐந்தாவது, முப்பது வருசம் அள்ளாத தொழுவம்.
இரண்டு ஆற்றைத் திருப்பிவிட்டு
ஒரே நாளில் கழுவிவிட்டானாம்.
நின்று சிரித்தேன்.
கிறுக்குப் பயல்.
பூம்பாறையில் பூண்டு போடுகிறவன்
மூட்டை எழுபதுக்கு வந்து அள்ளிப் போவானே,
அத்தனையும் ஆற்றோடு.
கூலி கேட்டதால் அந்த வேலையைக்
கணக்கில் சேர்க்கவில்லை என்றது கடைசி வரி.
அதற்குச் சிரிக்கவில்லை.

எட்டாவது பானையில் குதிரைகள்.
நான்கு. பெட்டைகள்.
மனுசக் கறி தின்று பழகியவை என்று எழுதியிருந்தது.
வரைந்தவனுக்குக் குதிரை தெரிந்திருக்கிறது.
காது பின்னுக்கு மடங்கி,
கண்ணில் வெள்ளை தெரிய,
கடிவாளம் இழுத்த இடத்தில் உதடு சுருங்கி.
வெறியில்லை அது, பயம்.
அவன் கை கழுத்தடியில் இருக்கிறது.
நானும் அங்கேதான் பிடிப்பேன்.

பிடித்தான். ராஜாவிடம் கொண்டுவந்து விட்டான்.
வேலை முடிந்தது.
ராஜாவுக்குக் குதிரை தேவைப்படவில்லை.
அவிழ்த்து விட்டார்கள்.
மலையேறிப் போனவற்றைக் காட்டு மிருகங்கள் தின்றன.
அரை வரி.
அடுத்த பானையில் ஏதோ ஒட்டியாணம்.

நான் ஒன்பதுக்குப் போகவில்லை.

போன மார்கழியில், ஏரிப்பக்கம் ஈ காக்கை இல்லாத நேரம்,
மினுக்கிக்கு முன்னங்கால் வீங்கிப்போனது.
சவாரிக்கு ஆகாத குதிரைக்கும் பசிக்கும்.
கொள்ளு கிலோ என்ன விலை என்று
சாந்து மனிதனுக்குத் தெரியாது.
மன்னவனூர் ரோட்டில் புல் இருக்கும் இடமாய்ப் பார்த்து
கயிற்றை உருவினேன்.
லாடத்தையும் கழற்றிக்கொண்டேன், இரும்புக்கும் விலையுண்டு.
கொஞ்ச தூரம் என் பின்னாலேயே வந்தது.
கல் எடுத்தேன்.

பொங்கல் கழிந்து விறகுக்குப் போனவர்கள்
செந்நாய்கள் பற்றி ஏதோ சொன்னார்கள்.
எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு விளக்காய் அணைத்துக்கொண்டு வந்தாள் ஜெசிந்தா.
"எப்படியண்ணே இருக்கான் ஆளு?"
"நல்லாப் பிடிக்கிறான்" என்றேன்.

வெளியே மழை விட்டு மூடுபனி.
வேலியில் கட்டியிருந்த பிரிட்டோ
முதுகெல்லாம் நனைந்து நின்றது.
என் நடை கேட்டதும்
காதை முன்னுக்குத் திருப்பியது.
கழுத்தடியில் கை வைக்கப் போனவன்
வைக்காமல்
கயிற்றை மட்டும் அவிழ்த்தேன்.
ஏரிச்சாலை முழுக்கக் கயிறு தொய்வாகவே இருந்தது.
அது என் பின்னாலேயே வந்தது.