ஜாமீன்

குகை வண்டி வேடிக்கையில்
லாரிக்குப் பின்னால் பரமசிவன்
பீடிக்கு நெருப்புக் கேட்டதை எழுதினேன்.
பதினோரு வரி.

மூன்றாம் நாள் ஸ்டேஷனில்
ஏட்டு அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"இதுல எந்த எடம் சாமிய வையுது?"
"எல்லா எடமும்" என்றார்கள் புகார் தந்தவர்கள்.
காகிதத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.
நான் சட்டம் பேசினேன்.
உரக்கத்தான்.

விளக்கு வைக்கிற நேரம் அர்த்தனாரி வந்தார்.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவர்.
காதுமடலில் இன்னும் போகாத நீலம்.

"குடிச்சது நெசந்தான்" என்றார் என்னிடம்.
"பதினஞ்சு நாள் கவிச்சி தொடல.
ரப்பர் பாம்பு கழுத்த அறுக்க
ராத்திரி பூரா ஒத்தக் கால்ல நின்னேன்.
கொழந்தைகள நீட்டி நீட்டித் திருநீறு கேட்டாங்க.
பூசிவிட்ட கை நடுங்குச்சு.
நீ வந்தது அதுக்கப்புறம்."

பதில் இருந்தது என்னிடம்,
கண்டதை எழுதினேன் என்கிற பதில்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்;
பொய்யில்லை, முழுசாகவும் இல்லை.

ஏட்டு நீட்டிய தாளில்
எனக்கு ஜாமீன் நின்று
கையெழுத்துப் போட்டார் அவர்.

வாசலில், "தீப்பெட்டி இருக்குதா?"
கொடுத்தேன்.
குச்சி எரிந்து முடியும்வரை
இருவரும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் நின்றோம்.

அந்தப் பதினோரு வரியில்
எதையும் அடிக்கவில்லை.
பன்னிரண்டாவது
இன்னும் வரவில்லை.